அரை மணித்தியாலச் சுயாட்சி

1996ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் திகதி இலங்கை அரசாங்கம் சூரியனுக்கு ஒரு சுற்றுநிருபம் அனுப்பியது. இன்று முதல் காலையில் ஒரு மணித்தியாலம் பிந்தி உதிக்கவும், மாலையில் ஒரு மணித்தியாலம் பிந்தி மறையவும். அந்த வருசம் மழை ஏமாற்றிவிட்டது. மலைநாட்டு நீர்த்தேக்கங்களில் தண்ணீர் அடியில் கிடந்தது. தென்னிலங்கையில் நாளுக்குப் பல மணித்தியாலம் மின்வெட்டு. மணிக்கூட்டு முள்ளை முன்னுக்குத் தள்ளிவிட்டால் பின்னேரத்தில் விளக்குப் போடுவதைக் கொஞ்சம் பிற்போடலாம் என்று யாரோ ஒரு கெட்டிக்காரர் கணக்குப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அப்போது ஜனாதிபதி, கூட்டங்களுக்குப் பிந்தி வருவதில் பேர்போன சந்திரிகா அம்மையார். அவர் நேரத்துக்கு வருவதைவிட நேரத்தை அவர் பக்கம் இழுப்பது சுலபம் என்று முடிவெடுத்திருப்பார்கள் போல.

சூரியன் மறுபேச்சில்லாமல் கீழ்ப்படிந்தது. கீழ்ப்படியாதது வன்னி.

வடக்கே வன்னியை அப்போது வைத்திருந்த புலிகள் இயக்கம், சிங்கள அரசின் நேரம் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அவர்களுடைய காரணம் அரசியல். ஆனால் அரசியலே தெரியாத இரணைமடுக் கமக்காரன் ஒருவனிடம் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். கறன்ற்றை மிச்சம் பிடிக்க நேரத்தை மாற்றுகிறார்கள், சரி. இங்கே வருசக்கணக்காகக் கறன்ற்றே இல்லை. இல்லாத சாமானில் எப்படி ஐயா மிச்சம் பிடிப்பது? குப்பி விளக்குக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய்க்கு மகாவலியில் தண்ணீர் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன? உலகத்திலே விதிகளிலிருந்து விலக்குக் கேட்டவர்கள் சொன்ன நியாயங்களில் இதைவிடச் சுத்தமான நியாயம் இருக்குமென்று நான் நினைக்கவில்லை.

ஆக, ஒரு தீவுக்குள் இரண்டு நேரம். கொழும்பில் ஏழு மணி என்றால் இரணைமடுவில் ஆறு. இது ஐந்து மாதம் நீடித்தது. ஒக்டோபர் 26ஆம் திகதி கொழும்புக்கே தன் நேரம் தாங்க முடியாமல் போய், அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருட்டில் எழும்பி இருட்டில் சப்பாத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். எனவே வன்னிக்கு வாய்த்த ஒரு மணித்தியாலச் சுயாட்சி அரை மணித்தியாலமாகக் குறைந்தது. இதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. 1995 ஓகஸ்டில் அம்மையார் வெளியிட்ட தீர்வுப் பொதி 1996 ஜனவரியில் சட்ட வரைவாக வந்தபோது எவ்வளவு கரைந்திருந்தது என்பதைப் பார்த்தவர்கள் நாங்கள். பாதி மிஞ்சியதே பெரிய காரியம். சொல்லப்போனால் அந்தப் பத்து வருசத்தில் பேச்சுவார்த்தை, மத்தியஸ்தம், நோர்வே எதுவும் இல்லாமல் தமிழர் தரப்புக்குக் கிடைத்து நிலைத்து நின்ற ஒரே அதிகாரப் பகிர்வு அந்த முப்பது நிமிடம்தான்.

2002இல் சமாதானம் வந்து ஏ9 வீதி திறந்தபோது இந்த முப்பது நிமிடத்தின் முழு அழகும் வெளியே தெரிந்தது. வவுனியாவில் பத்து மணிக்கு ஓமந்தைச் சாவடியில் நிற்கிறீர்கள். ஆமி பையைக் கிளறுகிறது. சூனியப் பிரதேசத்தைத் தாண்டி இயக்கத்தின் சாவடிக்கு வருகிறீர்கள். அங்கே மணி பத்தாகவில்லை. புறப்படுவதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டீர்கள். மாங்குளம், முறிகண்டி, இரணைமடுச் சந்தி, கிளிநொச்சி என்று பழைய நேரத்திலேயே பயணம் செய்து முகமாலையில் மறுபடி ஆமியிடம் போனால், கிடைத்த அரை மணித்தியாலத்தை வட்டியில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். லண்டனிலிருந்து பன்னிரண்டு மணித்தியாலம் பறந்து வந்து களைத்த மருமகன், கையில் கட்டியிருந்த விலையுயர்ந்த மணிக்கூட்டை ஒரே நாளில் இரண்டு தரம் திருப்ப வேண்டியிருந்தது.

பெரிய தலையிடி சாத்திரிமாருக்கு. ஒரு லக்கினம் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் நிற்கும். நவாம்சம் அதில் ஒன்பதில் ஒரு பங்கு, பதின்மூன்று நிமிடம் சொச்சம். அரை மணித்தியாலம் பிசகினால் லக்கினம் தப்பினாலும் நவாம்சம் இரண்டு வீடு தாண்டிப் போய்விடும். 1996க்கும் 2006க்கும் இடையில் பிறந்த பிள்ளையின் குறிப்போடு எந்தத் தரகர் வந்தாலும் முதல் கேள்வி சாதி, சீதனம் எதுவும் இல்லை: "பிள்ளை பிறந்தது பழைய நேரமோ, புதிய நேரமோ?" கிளிநொச்சியில் பிறந்திருந்தால் இன்னும் சிக்கல். 1996 செப்டெம்பரில் ஆமி கிளிநொச்சியைப் பிடித்தது, 1998 செப்டெம்பரில் இயக்கம் திருப்பிப் பிடித்தது. அந்த இரண்டு வருசமும் கிளிநொச்சியில் புதிய நேரம், சில மைல் தள்ளி இரணைமடுவுக்கு இந்தப் பக்கம் பழைய நேரம். நடுவில் ஷெல் பறந்துகொண்டிருந்தது. அது எந்த நேரத்துக்கு வந்தாலும் ஒரே மாதிரித்தான் விழுந்தது.

பி.பி.சி. தமிழோசை மட்டும் எங்களோடு ஒத்துப்போனது. இந்திய நேரமும் வன்னி நேரமும் ஒன்று. இரவு ஒன்பதேகாலுக்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவிலிருந்து றேடியோவுக்குக் கறன்ற் போக, சுற்றிவர இருந்தவர்கள் உலகச் செய்தி கேட்பார்கள். மிதிக்கிறவர் களைத்தால் லண்டன் குரல் இழுபடும். கேட்டுக்கொண்டிருக்கும் கிழவர் ஒருவர், "தம்பி, மிதியடா, அங்கை என்னவோ முக்கியமாச் சொல்லுறாங்கள்" என்பார். மிதிக்கிற வேலையிலிருந்து விலக்குப் பெற்றவர்கள் எப்போதும் வயசாளிகள்தான்.

விலக்கு என்றால் வன்னிக்குப் பழைய பழக்கம். இந்த நிலப்பகுதிக்கு அடங்காப்பற்று என்றே ஒரு பேர் இருந்தது. வன்னிபங்கள் என்ற குறுநிலத் தலைவர்கள் ஆண்டார்கள். மேலே யாழ்ப்பாணத்தில் யார் இருந்தாலும், தமிழ் அரசனோ பறங்கியோ ஒல்லாந்தனோ, அவனுக்கு வருசா வருசம் யானை கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். யானை மட்டும் வராது. காடு முழுக்க யானை, ஆனால் திறை கொடுக்கிற நாளில் ஒன்றைக் காணக் கிடைக்காது. 1697இல் யாழ்ப்பாணத்து ஒல்லாந்தக் கொமாண்டர் ஹென்ட்ரிக் ஸ்வார்டெக்றூன் தான் இல்லாத நாளில் நிர்வாகத்தைப் பார்க்கிறவர்களுக்கு நீளமான குறிப்பொன்று எழுதி வைத்தார். வன்னிபங்களின் யானைப் பாக்கி அதில் புலம்பலாக வருகிறது. அவர் பிற்பாடு பத்தாவியாவுக்குப் போய் ஒல்லாந்தருடைய கிழக்கிந்தியக் கம்பனிக்கே தேசாதிபதியானார். யானைப் பாக்கி அப்படியே இருந்தது. இன்றைய வங்கிக்காரர் இதை வாராக்கடன் என்று எழுதி மூடியிருப்பார். ஒல்லாந்தர் மூடவில்லை, 1780களில் லெப்டினன்ட் நாகெல் என்ற ஆளைப் படையோடு அனுப்பினார்கள். விலக்கை வெறுமனே எடுத்துக்கொண்டு, அதைத் தந்தவர் யாரென்று எழுத்தில் வாங்கி வைக்காதவனுக்கு இதுதான் கதி.

கடைசி வன்னியனான பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையை அடித்து, ஒல்லாந்தருக்குப் பின் வந்த வெள்ளையனை ஓட வைத்தான். ஒக்டோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்ததாக வெள்ளையர் கல் நட்டார்கள். வென்றவன் தன் பெருமைக்கு நட்ட கல். இன்றைக்கு அந்தப் பக்கம் போகிற சனம் தோற்றவனுக்கு மாலை போட்டுவிட்டு வருகிறது, டிறிபேர்க் யாரென்று கேட்டால் முழிக்கிறது.

அதற்குப் பிறகு வெள்ளையன் எழுத்தில் ஆளத் தொடங்கினான். எழுத்து வந்தவுடன் விலக்கும் எழுத்தில் வந்தது. 1848இல் டொரிங்டன் தேசாதிபதி தெருச் சட்டம் கொண்டுவந்தார். 18 வயதிலிருந்து 55 வயது வரையுள்ள ஒவ்வோர் ஆணும் வருசத்தில் ஆறு நாள் தெரு வேலை செய்ய வேண்டும். முடியாதென்றால் மூன்று சிலிங் கட்ட வேண்டும். அரசனுக்குச் செய்கிற ராஜகாரிய ஊழியத்தை 1832இல் மனிதாபிமானம் பேசி ஒழித்தவர்கள் பதினாறு வருசத்தில் அதையே ஓவசியர் மேற்பார்வையில் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இதிலே யார் யாருக்கு விலக்கு? தேசாதிபதிக்கு விலக்கு. பாவம், டொரிங்டன் மண்வெட்டியோடு வந்து வன்னித் தெருவில் நிற்பாரோ என்று யாராவது பயந்திருக்கக் கூடும். படைவீரருக்கு விலக்கு. இந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கு வந்த தொழிலாளிக்கும் விலக்கு. அது கருணையில்லை, அவனுடைய ஆறு நாளும் துரைமாருக்குத் தேவைப்பட்டது. புத்த பிக்குகளுக்கு முதலில் விலக்கில்லை. பிக்குவைத் தெருவில் கல்லுடைக்க வைப்பதா என்று கண்டிப் பக்கம் கொதித்தது. அந்த வருசமே மாத்தளையில் கலகம் வெடித்தது. பிக்குகளுக்கு விலக்கு வந்தது, டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். கலகம் செய்யத் தெரிந்தவனுக்கு விலக்கு, செய்யத் தெரியாதவனுக்குத் தெரு என்ற ஒழுங்கு அன்றைக்கு ஏற்பட்டதுதான்.

இனிக் குளத்துக்கு வருவோம். கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவில் குளம் கட்டலாமென்று ஹென்றி பார்க்கர் என்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் திட்டம் போட்டார். 1902இல் வேலை தொடங்கி 1921இல் முடிந்தது. கட்ட வந்த தொழிலாளர் தங்கின முகாம்தான் பிற்பாடு கிளிநொச்சிப் பட்டினமானது. யாழ்ப்பாணத்தார் காலம் போன காலத்தில் வந்து, நாங்கள்தான் இந்த ஊரைத் திருத்தினோம் என்று சொல்லும்போது இதை நினைவில் வைப்பது நல்லது. ஊரைத் தொடங்கி வைத்தவன் மண் சுமந்தவன். நுளம்புக்கும் காய்ச்சலுக்கும் விலக்கில்லாதவன்.

குளம் வந்ததோடு ஒரு புதிய சட்டமும் வந்தது. அது சர்க்கார் எழுதியதுமாம், கமக்காரரே எழுதியதுமாம். காலபோகத்தில் மழை பெய்யும், எல்லாரும் விதைப்பார்கள், சண்டையில்லை. சிறுபோகத்தில் குளத்தில் இருக்கிற தண்ணீர்தான். இரணைமடுவின் கீழ் ஏறக்குறைய 21,000 ஏக்கர் வயல். அத்தனைக்கும் சிறுபோகத்தில் தண்ணீர் காணாது. அப்போது அரச அதிபர் தலைமையில் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். குளத்தில் எத்தனை அடி நிற்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், ஒருவருக்கு எத்தனை பங்கு, எந்தத் திகதி துருசு திறப்பது, எந்தத் திகதி பூட்டுவது என்றெல்லாம் கையுயர்த்தி முடிவெடுப்பார்கள். அந்த முடிவுக்கு நீர்ப்பாசனச் சட்டப்படி சட்டத்தின் வலு உண்டு. மீறினால் வழக்கு. ஒரு பாராளுமன்றத்துக்கு வேண்டிய சகலமும் அங்கே இருக்கும்: சத்தம், புள்ளிவிபரம், நித்திரை, வெளிநடப்பு.

கூட்டத்தில் எல்லாரும் சட்டத்தை ஏற்றுக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் விலக்குகள் வரிசையாக வரும். ஒருவருக்குப் பங்கு கிடைத்தது வேறு வயற்கண்டத்தில், ஆனால் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற காணியையே விதைத்துவிட்டால் யாருக்கு என்ன நட்டம்? இன்னொருவர் முதலே விதைத்துவிட்டார். முளைத்த பயிரை அழிக்கச் சொல்கிறீர்களா, பாவமில்லையா? கோயில் காணிக்குப் பங்கு கணக்குப் பார்க்கலாமா, அம்பாள் கோவிக்க மாட்டாளா? இரணைமடுவில் அம்பாள் என்றால் குளத்தருகே இருக்கிற கனகாம்பிகை. அவளை இழுத்துப் பேசினால் அரச அதிபரும் கொஞ்சம் யோசிப்பார். வாய்க்காலில் பம்ப் வைத்து இறைக்கிற ஆளுக்கோ வாதமே தேவையில்லை, இருட்டுப் போதும்.

ஆனால் உண்மையான விலக்கு கூட்டத்தில் கேட்கப்படுவதில்லை. துருசுக்குக் கிட்ட வயல் உள்ளவன் கூட்டத்துக்கே வரமாட்டான். அவன் வராவிட்டாலும் தண்ணீர் அவனிடம் வரும். வாய்க்கால் விதானையார் எந்த முறை போட்டாலும் அது அவனுடைய வரம்பைத் தாண்டித்தான் போக வேண்டும். கடைவாய்க்கால்காரன்தான் விடியவே வந்து முன்வரிசையில் இருப்பான், சட்டம் முழுவதையும் பாடமாக்கி வைத்திருப்பான், பங்கு முறை ஒரு புள்ளி பிசகக்கூடாது என்று வாதாடுவான். சட்டத்தில் அவனுக்கு அவ்வளவு பக்தி. தண்ணீர் கிடைக்காதவனுக்குச் சட்டத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

இரணைமடுவின் மேல் ஆட்சி நடத்திய எல்லாரையும் நான் இந்த வாய்க்காலில் வைத்தே பார்க்கப் பழகிவிட்டேன். கொழும்பு துருசடியில் இருந்தது. வன்னி கடைவாய்க்கால்.

1935இன் காணி அபிவிருத்திச் சட்டத்தைப் பாருங்கள். அதன் கீழ் குடியேற்றவாசிக்குக் கிடைத்தது அனுமதிப் பத்திரம். விற்கக் கூடாது, ஈடு வைக்கக் கூடாது, குத்தகைக்குக் கொடுக்கக் கூடாது, துண்டாக்கக் கூடாது. காணி கைமாறாமல் காப்பாற்ற நல்ல எண்ணத்தில் போட்ட விதிகள். ஊரில் விற்றார்கள், ஈடு வைத்தார்கள், குத்தகைக்குக் கொடுத்தார்கள், ஐந்து பிள்ளைக்கும் வரம்பு போட்டுப் பிரித்தார்கள். பத்திரத்தில் மட்டும் ஒரே பேர் தலைமுறைக்கு அசையாமல் இருந்தது. மீறப்படாமல் நின்றது ஒரே ஒரு விதி. பின்னுரித்தாளி எழுதி வைக்காமல் செத்துப்போனால் காணி முதலில் மகனுக்கு, மகளுக்கு அப்புறம். இதை மாத்திரம் சகலரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். பொம்பிளைப் பிள்ளைகள் காணிச் சுமையிலிருந்து விலக்களிக்கப்பட்டவர்கள். அந்த விலக்கை 2022இல்தான் நீக்கினார்கள்.

யுத்தம் வந்த பிறகு வன்னிக்கு விதிகள் இரண்டு பக்கத்தாலும் கிடைத்தன. கொழும்பு பொருளாதாரத் தடை போட்டது. பெற்றோல் வரக்கூடாது, சீமெந்து வரக்கூடாது, பற்றறி, யூரியா எதுவும் வரக்கூடாது. பயங்கரவாதி யூரியாவில் வெடிகுண்டு செய்துவிடுவான் என்பது பயம். நெல்லுக்குப் போட்டால் நெல் விளையும் என்ற தகவல் அவர்களுக்கு எட்டவில்லை. காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுகிற வித்தையை இந்த நாட்டுச் சனம் கண்டுபிடித்தது. புகை கறுப்பாகப் போகும், முக்கி முனகிப் போகும், ஆனால் போகும்.

இயக்கம் போட்டது பாஸ் முறை. வன்னியை விட்டு வெளியே போக அனுமதி வேண்டும், நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று இன்னொருவர் பிணை நிற்க வேண்டும். தப்பித் தவறி பாஸ் கிடைத்து வவுனியா வந்துவிட்டால் விடுதலை என்று நினைக்காதீர்கள். அங்கே அரசாங்கத்தின் பாஸ் தொடங்கும். ஒரு நாள் பாஸ், ஒரு கிழமைப் பாஸ், ஒரு மாதப் பாஸ் என்று வகைவகையாக. வன்னியான் ஒருவன் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தால் அவனுடைய பையில் உடுப்பைவிடக் கடதாசி கூட இருக்கும். ஒருவரையொருவர் அழித்துவிட நின்ற இரண்டு தரப்பும் இந்த ஒரு விடயத்தில் முழு ஒற்றுமையாக இருந்தன: இந்தச் சனத்தை நினைத்த பாட்டுக்கு நடமாட விடக்கூடாது.

சமாதான காலத்தில் தமிழீழக் காவல்துறை ஏ9 வீதியில் வேகமானியோடு நின்றது. கொழும்பில் சிவப்பு விளக்கைப் பார்த்தும் பாராமல் போகிற கனவான்கள் கிளிநொச்சியில் மாடு வண்டி வேகத்தில் ஊர்ந்தார்கள். அங்கே தண்டம் கட்டாமல் தப்ப அமைச்சரைத் தெரிந்திருந்தும் பிரயோசனமில்லை. யாருக்கும் விலக்கில்லாத சட்டம் இருக்கிற இடம் இது என்று கொழும்புப் பத்திரிகைக்காரர் சிலர் மெச்சி எழுதிவிட்டுப் போனார்கள். அவர்கள் பின்னேரமே திரும்பிப் போகிறவர்கள். சட்டம் போட்டவரிடமே ஒருவர் போய் வழக்குச் சொல்ல வேண்டி வந்தால் என்ன ஆகும் என்பதை அங்கே தங்கினவர்களிடம் கேட்டிருக்கலாம். அந்த வீதியில் நிஜமாகவே விலக்கில்லாத ஒரே சட்டம் முறிகண்டிப் பிள்ளையாருடையது. ஆமி லொறியோ இயக்க வாகனமோ வெள்ளைக்காரத் தொண்டு நிறுவனமோ, முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைத்துச் சில்லறை போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நிறுத்தாமல் போனவனுக்கு முன்னால் என்ன நடக்குமென்று பரீட்சித்துப் பார்க்க எந்த நாத்திகனும் துணியவில்லை. நிறுத்தியதற்குச் சன்மானமாகக் கச்சான் கிடைத்தது.

2006 ஏப்ரலில் மகிந்த ராஜபக்ச அரசாங்கம் மணிக்கூட்டைப் பழையபடி வைப்பதென்று முடிவெடுத்தது. பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்றார்கள். நேரத்தை மாற்றினதால்தான் நாட்டுக்குக் கெட்ட காலம் என்று சாத்திரக்காரரும் சொன்னார்கள். கொழும்பில் குடியிருந்த அறிவியல் கதாசிரியர் ஆர்தர் சி. கிளார்க், உலகத்தோடு கணக்குப் பார்க்க அரை மணித்தியாலப் பிசகு தொந்தரவு, மாற்ற வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். அண்டசராசரத்துக்கே நேரம் குறித்த மனிதர், புத்தாண்டுச் சுபநேரம் குறிக்கிறவர்களிடம் தோற்றுப்போனார். ஏப்ரல் 15ஆம் திகதி நாடு முழுவதும் முள்ளைப் பின்னால் திருப்பியது. வன்னியில் ஒருவரும் மணிக்கூட்டைத் தொடவில்லை. பத்து வருசம் ஒரே இடத்தில் நின்று, நாடு சுற்றி வந்து சேரும் வரை காத்திருந்து வென்றிருக்கிறார்கள். அந்த யுத்தத்தில் தமிழர் தரப்புக்கு ஒரு உயிரும் போகாமல் கிடைத்த முழு வெற்றி இது என்று நான் அடித்துச் சொல்வேன். கொண்டாடத்தான் நேரம் இருக்கவில்லை.

ஏனென்றால் அதே வருசம் சண்டை திரும்பத் தொடங்கி, ஓகஸ்டில் ஏ9 வீதி பூட்டப்பட்டது. வீட்டுக்கு ஒருவர் இயக்கத்துக்கு வர வேண்டும் என்றானது. கலியாணம் கட்டியவருக்கு விலக்கு. அவ்வளவுதான், ஊரெல்லாம் கலியாணம். பொருத்தம் பார்க்கவில்லை, பந்தல் போடவில்லை, பதினாறு வயதுப் பெட்டைக்கும் பதினேழு வயதுப் பொடியனுக்கும் அவசரமாக மஞ்சள் கயிறு கட்டி வைத்தார்கள். தாய் தகப்பன் பிள்ளையைக் காப்பாற்றப் பிள்ளையின் பிள்ளைப் பருவத்தைக் கொடுத்தார்கள். கொஞ்சக் காலத்தில் அந்த விலக்கும் செல்லாமல் போனது, தாலியோடும் பிடித்துக்கொண்டு போனார்கள். யார் வீட்டுப் பிள்ளைக்கு விலக்கு, யார் வீட்டுப் பிள்ளைக்கு இல்லை என்று அந்த நாளில் சத்தமாகக் கேட்டவர்கள் குறைவு.

2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி ஆமியின் கைக்குப் போனது. ஜனவரி 20ஆம் திகதி அரசாங்கம் இரணைமடுவுக்குக் கிழக்கே முப்பத்தைந்து சதுர கிலோமீற்றர் நிலத்தைப் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தது. அங்கே போனால் தாக்க மாட்டோம் என்பது அறிவிப்பு. சனம் போனது. அங்கேயும் ஷெல் விழுந்தது. அடுத்தடுத்து அறிவித்த வலயங்களிலும் விழுந்தது. ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011இல் இதை எழுதி வைத்திருக்கிறது. வெளியேற முயன்ற சனத்தை இயக்கம் சுட்டதும் அதே அறிக்கையில் இருக்கிறது. இதில் பகிடி பண்ண எனக்கு ஒன்றுமில்லை.

பிறகு நாங்கள் எல்லாரும் சட்டத்தின் முன் சமமானோம் என்று சொன்னார்கள். ஒருவரைத் தவிர. 1978 அரசியலமைப்பின் 35ஆம் உறுப்புரை ஜனாதிபதிக்கு எதிராக, பதவியில் இருக்கும் வரை குடியியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ போட முடியாது என்கிறது. அப்படி விலக்குப் பெற்ற ஒருவரை இரணைமடு நேரில் கண்டது 2018 டிசம்பர் தொடக்கத்தில். புனரமைத்து 36 அடி கொள்ளக்கூடியதாகக் கட்டு உயர்த்தின குளத்தைக் கையளிக்க ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன வந்தார். அவர் வந்த கிழமையில் நாட்டுக்குச் சட்டப்படி இயங்கும் பிரதமரும் இல்லை, அமைச்சரவையும் இல்லை. ஒக்டோபரில் பிரதமரை மாற்றினார், நவம்பரில் பாராளுமன்றத்தைக் கலைத்தார், டிசம்பர் 3ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் புதிய பிரதமரையும் அமைச்சர்களையும் வேலை செய்ய விடாமல் இடைக்காலத் தடை போட்டது. நாட்டில் ஒன்றும் ஓடவில்லை. ஆகவே ஜனாதிபதி தண்ணீர் ஓடுகிற இடத்துக்கு வந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் திரும்பிப் போன பிறகு, 13ஆம் திகதி உயர் நீதிமன்றம் பாராளுமன்றத்தைக் கலைத்தது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அதே மாதம் மூன்றாம் கிழமை மழை கொட்டி, குளம் நிரம்பி, வான் கதவுகள் திறந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெள்ளத்தில் மிதந்தன. கதவை நேரத்துக்குத் திறந்தார்களா இல்லையா என்று பெரிய சர்ச்சை. குளத்துக்கு 35ஆம் உறுப்புரை தெரியாது. நல்லகாலம், ஜனாதிபதி வீடு கொழும்பில்.

இன்னும் ஒவ்வொரு சிறுபோகத்துக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது. துருசடிக்காரர் வருவதில்லை. பங்கை மீறி விதைத்தவர் முன்னுக்கு இருந்து சட்ட ஒழுங்கு பற்றிப் பேசுகிறார். அதிகாரிகளே, அமைப்புத் தலைவர்களே, அடுத்த கூட்டத்திலாவது கடைவாய்க்கால்காரரை முதலில் பேச விடுங்கள். கடைசியில் பேசக் கொடுத்தால் கூட்டம் முடியுமுன் அவருக்குக் கடைசி பஸ் போய்விடும். அவருடைய ஊருக்கு அதற்குப் பிறகு பஸ் இல்லை.